சேற்றில் பதிந்த பூ

மழை பெய்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். மற்ற நாட்களில் தான் வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியின் கோப்புகளை வீட்டுக்கும் சுமந்துகொண்டு வருகிற அப்பா, மழை நாளில் வெறுங்கையோடு நேரத்துக்கே வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா என்னை அடிக்க ஓங்கிய கையையும் மறந்துவிட்டுப் பலாக்கொட்டை சுடப் போவார். என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா, தகரக் கூரையில் சத்தம் கேட்கத் தொடங்கியதும் என்னைத் தன் போர்வைக்குள் சேர்த்துக்கொள்வாள். பேய்க்கதை சொல்ல அவளுக்கும் ஒரு ஆள் வேண்டுமே.

எண்பதுகளின் கடைசியில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் மூடியே கிடந்தது. மழையும் விடுமுறையும் சேர்ந்து கிடைத்தால் ஒரு பிள்ளைக்கு வேறென்ன வேண்டும். ஏன் மூடிக்கிடக்கிறது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் திறந்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி எங்கள் மாத்தளை மாவட்டத்திலும் உச்சத்தில் இருந்த காலம் அது என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். கிளர்ச்சிக்காரர்கள் கடையை மூடு, விளக்கை அணை என்று உத்தரவு போட்டார்கள். அரசாங்கப் பக்கத்தார் இலக்கத் தகடு இல்லாத வான்களில் வந்து பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்ந்தால் எங்கள் ஊர் வழியாகப் போகிற யாழ்ப்பாண வீதியில் ஒரு சைக்கிள்கூட ஓடாது. அடைமழை பெய்கிற பின்னேரங்களில் மட்டும் பெரியவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இந்த மழையில் எவன் வரப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நல்லவர்களானதற்கு அதுதான் காரணம். எனக்கோ அது பலாக்கொட்டையின் மகிமையாகவே பட்டது.

எங்கள் வீடு மாத்தளைக்கும் பலாபத்வலைக்கும் நடுவில், பெரிய வீதியிலிருந்து கீழே இறங்குகிற சரிவில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. வெயில் காலத்தில் அதற்குள் இறங்கினால் கணுக்கால்கூட நனையாது. மழை பெய்துவிட்டால் அதன் குணமே வேறு. மேலே மலையில் கைவிடப்பட்ட கொக்கோத் தோட்டம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கமிருந்து இறங்குகிற தண்ணீர் வழியில் அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, எங்கள் வளவின் மூலையில் மூங்கில் புதர் வளைந்து நிற்கிற இடத்தில் கொஞ்சம் இளைப்பாறும். தண்ணீர் கொண்டுவந்தது எடுத்தவருக்குச் சொந்தம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதில் சண்டை கிடையாது, விசாரணையும் கிடையாது. தேங்காய் வந்தால் அம்மாவுக்கு, கட்டை வந்தால் அடுப்புக்கு, செருப்பு வந்தால் எனக்கு.

செருப்பு எதற்கு என்றால், சில்லுக்கு, விளையாட்டு வண்டியின் சக்கரத்துக்கு. பழைய ரப்பர்ச் செருப்பின்மேல் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் போட்டு, சூடேற்றிய கத்தியால் அறுத்தால் வண்டிச் சில்லு தயார். குதிக்கால் பக்கத்தில் ஒன்று, முன்பக்கத்தில் ஒன்று வரும். இந்தத் தொழிலில் எங்கள் மாமாவை மிஞ்ச ஆள் இல்லை. அவர் அம்மாவின் தம்பி. படித்து முடித்துவிட்டு, வேலை தேடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டு எங்கள் வீட்டில் இருந்தார். அந்த வருடம் அவர் வீதியில் தலை காட்டக்கூடாது என்று அம்மா தடை போட்டிருந்ததால், அவருடைய திறமை முழுவதும் என்மேல் கொட்டப்பட்டது. மழை விட்டதும் நீண்ட கொக்கைத் தடியை எடுத்துக்கொண்டு அவர் முன்னே போவார், நான் பின்னால் போவேன். மூங்கில் வேரில் சிக்கியிருப்பதை அவர் கொக்கியால் இழுத்துக் கரையில் போடுகிற ஒவ்வொரு முறையும் எனக்குப் பிறந்தநாள்தான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் நெந்தா இருந்தார். நெந்தா என்றால் சிங்களத்தில் மாமி. அம்மாவும் அவரும் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாதியும் மாற்றிக்கொள்கிற சிநேகிதம். கணவர் இல்லை, ஒரே மகன். அந்த அண்ணனும் எங்கள் மாமாவும் சேர்ந்து வொலிபோல் விளையாடுவார்கள். கொஞ்ச நாட்களாக அந்த அண்ணனைக் காணவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொன்னார்கள், நான் நம்பினேன். மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவரை ஒரு வான் வழியிலேயே ஏற்றிக்கொண்டு போனதும், அதற்குப் பிறகு நெந்தா தினமும் முதல் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக மகனைத் தேடிப் போய்க்கொண்டிருந்ததும் எனக்குச் சொல்லப்படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரிய சேம்பிலையைத் தலைக்குப் பிடித்தபடி அவர் பின்னேரங்களில் பௌத்த விகாரையான பன்சலையின் பக்கத்துப் பாதையால் திரும்பிவருவதுதான். கடையில் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் கால்களைப் பார்ப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான். எனக்கு அது கூச்சமாக இருக்கும். கால்விரல்களை மடக்கிக்கொள்வேன்.

பூத்தடத்தைக் கண்டுபிடித்தது அக்காதான். எங்கள் வளவின் ஓரமாக ஓடையிலிருந்து வீதிக்கு ஏறுகிற ஒற்றையடிப்பாதை ஒன்று உண்டு. இரவில் மழை பெய்திருந்தால், காலையில் நாங்கள் எழும்பும்போது அந்தப் பாதைச் சேற்றில் செருப்பு அடிகள் பதிந்திருக்கும். அதில் ஒரு வினோதம். வலது கால் அடியில் மட்டும், குதிக்கால் இருக்கிற இடத்தில், வட்டமாக ஐந்து சின்ன மண் குமிழ்கள் பூ மாதிரி எழும்பி நிற்கும். இடது கால் வெறும் அடி. ஒரு கால் பூக்கும், மறு கால் பூக்காது. அடிகள் மேலே ஏறிப் போகுமே தவிர இறங்கி வந்த அடையாளம் இருக்காது. காய்ந்த நாட்களில் எதுவும் தெரியாது.

"இது யாருன்னு தெரியுமா ஒனக்கு? வெள்ளத்துல ஒத்தைச் செருப்பைத் தொலைச்சவ. ஒரு கால் அவளோடது. மத்தக் கால் இரவல். தன்னோட செருப்பைத் தேடித்தான் மழையில அலையிறா" என்றாள் அக்கா.

"கிடைச்சா?"

"கிடைச்சா போயிருவா. ஆனா அது யாருக்கிட்ட இருக்கோ, அவங்களைத் தேடி வீட்டுக்கே வருவா."

அக்கா சொன்னதில் பாதியை நான் வழக்கமாகக் கழித்துவிடுவேன். இதைக் கழிக்க முடியவில்லை, சேற்றில் அடையாளம் இருந்ததே. அதற்குப் பிறகு போர்வைக்குள் படுத்திருக்கும்போதெல்லாம், கூரைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், சப்பு சப்பென்று பாதையில் ஏறுகிற சத்தம், கேட்கிற மாதிரியே இருக்கும். பயமாகவும் இருந்தது, அந்தப் பயம் வேண்டியும் இருந்தது. மழை நாள் சுகங்களில் அதுவும் ஒன்று.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு செருப்பு வந்தது. நல்ல தடித்த ரப்பர், பெரிய ஆளின் வலது கால் செருப்பு. வார் அறுந்திருந்தது. அடியெல்லாம் களிமண் அப்பிக் கிடந்தது. மாமாவுக்கும் அதைக் கண்டதும் சந்தோஷம். அன்றைக்கே இரண்டு சில்லு அறுத்து, மீன் டின்னில் முன்பு செய்திருந்த வண்டிக்குப் புதுச் சில்லுகளாகப் பூட்டி, தள்ளுவதற்கு நீளக் கம்பும் வைத்துத் தந்தார். அவ்வளவு வேகமான வண்டி எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை. சேறு, குட்டை ஒன்றும் பார்க்காமல் வளவு முழுவதும் ஓட்டினேன்.

ஓட்டிக் களைத்துப்போய் பீலியில் வழிகிற தண்ணீரில் வண்டியைக் கழுவியபோது, ஒரு சில்லிலிருந்து களிமண் உதிர்ந்தது. உள்ளே ஐந்து ஓட்டைகள். சுட்டுப் பொசுக்கிய கரிய ஓட்டைகள், அச்சுக் குச்சியைச் சுற்றி வட்டமாக. சில்லைச் சுழற்றினால் பூ சுழன்றது.

சில்லை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். அக்காவிடம் சொன்னால் தீர்ந்தது, அன்றிரவே அவள் அந்தப் பேயைக் கூப்பிட்டுவிடுவாள். திரும்ப ஓடையில் எறியலாமென்றால் வண்டியை விட மனம் வரவில்லை. கடைசியில் அந்தச் சில்லின்மேல் சேற்றைக் குழைத்து அப்பி, வண்டியை விறாந்தை மூலையில் சாக்குக்குக் கீழே வைத்தேன். மறுநாள் வெயில் அடித்தது. ஒருவரும் தேடி வரவில்லை. பயம் போனதும் சாக்கும் போய்விட்டது.

அதற்கடுத்து வந்தது பெருமழை. முந்தின இரவு தொடங்கியது, காலையிலும் விடவில்லை. மத்தியானம் சற்றுத் தூறலானதும் மாமா தடியோடு கிளம்பினார். ஓடை செந்நிறமாக, தென்னங்குற்றிப் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போனது. மூங்கிலடியில் போய் நின்றதும் நான் துள்ளிவிட்டேன். ஒரு செருப்பு வந்தது. அதை மாமா இழுத்துப் போடுவதற்குள் இன்னொன்று வந்தது. அதன் பின்னால் ஒரு ரப்பர்ச் சப்பாத்து. பிறகு நீல வார் ஒன்று, வெள்ளை ஒன்று. தண்ணீர் சுழிக்கிற இடத்தில் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றின. தேங்காய் இல்லை, கொக்கோக்காய் இல்லை. அன்றைக்கு ஓடைக்கு வேறு எதையும் கொண்டுவர மனமில்லைபோல.

"மாமா, அது, அது. அந்தச் செவப்பு. போகப்போகுது மாமா."

மாமா தடியை நீட்டவில்லை. தண்ணீரைப் பார்க்காமல், தண்ணீர் வருகிற பக்கத்தை, மழைப்புகையில் மறைந்திருந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பழைய தோட்டத்துக்கு வான்கள் ஏறுகின்றன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்குத்தான் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் தடியால் ஒவ்வொரு செருப்பாக வேரிலிருந்து விலக்கி, நீரோட்டத்தில் தள்ளிவிடத் தொடங்கினார். கரையில் போட்டவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வைத்தார். எறியவில்லை, குனிந்து வைத்தார். எத்தனை வண்டிக்கான சில்லுகள் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தன. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எட்டு வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்குவதில்லை.

வீட்டில் அவர் அப்பாவிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். எங்களோடு பேசிப் பேசி மாத்தளைத் தமிழுக்கு மாறியிருந்தவர், பயம் வந்தால் மட்டும் சொந்தத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். "இனி ஒருத்தரும் ஓடைக்கரைக்குப் போகக் கூடாது, விளங்குதோ? பிள்ளை, உள்ளுக்கை இரு" என்றார். யன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. பகலிலேயே வீடு இருட்டிவிட்டது. பலாக்கொட்டை பற்றிப் பேச்சே இல்லை. இப்படி ஒரு மழை நாளை நான் கண்டதில்லை.

மறுபடி மழை வலுத்தபோது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. சப்பு, சப்பு. கூரை இரைச்சலுக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் பாதையில் இறங்கி, வளவுக்குள் திரும்பி, எங்கள் படிக்கட்டில் நின்றது. வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கேட்டால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றுகூடத் தீர்மானித்துவிட்டேன்.

அம்மா கதவைத் திறந்தார். நெந்தா நின்றார். சேம்பிலை கிழிந்து தொங்கியது, உடுப்பெல்லாம் ஈரம். பன்சலைப் பாதையில் மண் சரிந்துவிட்டதாம், இந்தப் பக்கமாக வந்தால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறதாம். வற்றும்வரை கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வர அவர் அனுமதி கேட்டது அன்றுதான் முதல் தடவை. அம்மா கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். நெந்தா படியில் செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தைக்கு ஏறினார். வலது செருப்பு கவிழ்ந்து விழுந்தது. கூரைத் தண்ணீர் அதன்மேல் கொட்டிச் சேற்றைக் கழுவியது.

குதிக்காலில் ஐந்து ஓட்டைகள்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பேயுமில்லை, பிசாசுமில்லை, நெந்தாதான். விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு அந்தப் பாதையால் ஏறிப்போகிறவர் அவர்தான். அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். ஆனால் அடுத்த நிமிடமே இன்னொன்றும் புரிந்தது. அப்படியானால் என் வண்டிச் சில்லும் நெந்தாவுடையதுதான். தொலைந்த செருப்பைத் தேடித்தான் இவர் எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டு திரிகிறார். நான் மெதுவாக நகர்ந்து வண்டியைக் காலால் மூலைக்குத் தள்ளினேன். அது கடகடவென்று உருண்டு காட்டிக்கொடுத்தது.

நெந்தா முதலில் என் கால்களைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். குனிந்து, தரையில் உட்கார்ந்து, அந்தச் சில்லை ஒரு விரலால் சுழற்றினார். பூ சுழன்று நின்றது. மறுபடியும் சுழற்றினார். அம்மா தேநீர்க் கோப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பூ வடிவா இருக்கு மகள். யார் போட்டது?" என்று என்னிடம் கேட்டார். அவர் சிங்களத்தில் கேட்டதைத்தான் இப்படித் தமிழில் எழுதுகிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான்தான் நெந்தா. ஆணியைச் சுட்டுப் போட்டேன். சும்மா, பிள்ளையோட விளையாட்டுக்கு."

மாமா பொய் சொல்கிறார். எனக்காக, என் வண்டி போய்விடக்கூடாது என்பதற்காகப் பொய் சொல்கிறார். எனக்குப் பெருமையில் முகம் சூடாகிவிட்டது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

நெந்தா தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். படியில் கவிழ்ந்து கிடந்த தன் செருப்பையும் பார்த்தார். மாமாவும் அதை அப்போதுதான் கண்டார்.

"நல்லா இருக்கு மகன்," என்றார் நெந்தா கடைசியில். "சரியா நான் போடுற மாதிரியே போட்டிருக்கீங்க."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போயா எனப்படும் பௌர்ணமி தினங்களில் பன்சலை வாசலில் கழற்றி வைக்கிற செருப்பு ஆள் மாறிப் போகாமலிருக்க, வலது செருப்பின் அடியில் ஆணியைச் சுட்டு இப்படி அடையாளம் வைப்பது நெந்தா வீட்டு வழக்கம் என்று அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னார். தன்னுடையதற்கும் மகனுடையதற்கும் அவரே கையால் போடுவாராம்.

நெந்தா தேநீரைக் குடித்தார். முழுவதையும் குடித்தார், அம்மா மனம் நோகக்கூடாது என்பதுபோல. பிறகு என் தலையைத் தடவி, இந்த ஒரு சில்லை மட்டும் எனக்குத் தருவாயா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் தலையாட்டினேன். அவருடைய செருப்புத்தானே. மாமா முழந்தாளிட்டு அச்சைக் கழற்றினார். நெந்தா சில்லை வாங்கித் தன் சீலை முனையால் துடைத்து, ஜாக்கெட்டுக்குள், காசு வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார். பாலத்தில் தண்ணீர் வற்றியிருக்கவில்லை. அம்மா எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. சேம்பிலையை எங்கள் படியிலேயே விட்டுவிட்டு, தலையை நனையவிட்டு இறங்கிப் போனார். மாமா ஓடிப்போய் அவரைக் கைபிடித்துப் பாலத்தைக் கடக்க வைத்தார். அம்மா அன்று மாமாவைத் தடுக்கவில்லை.

மூன்று சில்லு வண்டி ஓடவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மாமாவிடம் வேறு செருப்பு அறுத்துத் தரச் சொன்னேன். நெந்தா வந்துபோன நாளுக்குப் பிறகு அவர் எந்தச் செருப்பிலும் கத்தி வைக்கவில்லை.

அடுத்த மழைக் காலையில் நான் வழக்கத்தைவிட முன்னதாக விழித்துவிட்டேன். மேலே வீதியில் முதல் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. நெந்தா தினமும் ஏறுகிற இடம் அது. பஸ் புறப்படாமல் நின்று ஹோர்ன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம் அடித்தது. பிறகு போய்விட்டது.

கதவைத் திறந்துகொண்டு பாதைக்கு ஓடிப் பார்த்தேன். இரவு முழுவதும் பெய்த மழையில் சேறு வழுவழுவென்று கிடந்தது. பூவும் இல்லை, வெறும் அடியும் இல்லை. திரும்பி வந்து அக்காவை எழுப்பி, "செருப்பு கிடைச்சிருச்சில்ல, இனி அவங்க வரமாட்டாங்க" என்றேன். அக்கா போர்வையை இழுத்து என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். கூரையில் மழை பலமாகப் பிடித்தது. பாவம், ஒரு செருப்புக்காக எத்தனை நாள் அலைந்துவிட்டார், இனி நெந்தாவும் எங்களைப் போல மழை நாளில் வீட்டிலேயே இருந்து பலாக்கொட்டை சுட்டுச் சாப்பிடுவார் என்று நினைத்து, எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.